தெல்மிராவின் அழுகை தொலைந்த கதை

பாய்சாந்தூ என்ற ஆற்றங்கரை ஊரில், மகன் ஆற்றில் மூழ்கிய நாளிலிருந்து தெல்மிரா ஓயாமல் அழுதாள். அவள் கணவன் ரூபென் ஓயாமல் சிரித்தான். இருவருமே வேண்டுமென்று செய்யவில்லை. அவள் கண்ணீரை அக்கம்பக்கத்தார் வாளியில் பிடித்துப் போய்ப் பாலாடைக்கட்டி ஊறவைத்தார்கள். உப்பு சரியாக இருந்தது. அவனைத்தான் சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியாத அவமானத்தில் அவன் சிரித்துச் சிரித்தே பாதியாகிப் போனான், பாவம்.

தெல்மிராவின் அக்காள் மகள் நிதியா பள்ளியில் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பவள். மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கொள்ளும், புதியது போட்டால் பழையது போன இடம் தெரியாது என்பது அவளுடைய முதல் பாடம். ஊராரின் பெயரில் அவள் டப்பா செய்தால் அதில் இருப்பதுதான் அந்த ஆளிடமும் இருக்கும். ஞாயிறுதோறும் பல்வலிக்காரர்கள் வலியை மாற்றிப் போடச் சொல்லி அவள் வாசலில் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சியபடி காத்திருப்பார்கள்.

அழுகையையும் சிரிப்பையும் கொஞ்ச நாளைக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று கணவனும் மனைவியும் வந்து கேட்டார்கள். இரண்டு வரி வேலை என்றாள் நிதியா. ரூபெனிடம் இருந்ததைத் தெல்மிராவின் டப்பாவில் போட்டாள். பிறகு தெல்மிராவிடம் இருந்ததை ரூபெனுக்குப் போட்டாள். அதற்குள் அங்கே இருந்ததும் சிரிப்புதான். மாணவர்களை ஆண்டு முழுவதும் எந்தத் தப்புக்குத் திட்டினாளோ அதையே செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்புள்ளைக்குன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாண்டி," என்றாள் தெல்மிரா, விழுந்து விழுந்து சிரித்தபடி. "அதையும் தொலைச்சுட்டியே."

"நடுவுல ஒரு காலி டப்பால எடுத்து வெச்சிருக்கணும் சித்தி. வெக்கல."

நிதியா தெல்மிராவின் டப்பாவில் அழுகை என்று எழுத்தில் தட்டிப் பார்த்தாள். தெல்மிரா அன்று முழுவதும் "அழுகை, அழுகை" என்று சொல்லிச் சிரித்தாள். இருக்கிற ஓர் அழுகையிலிருந்து படி எடுப்பதுதான் ஒரே வழி. எடுத்தாலும் மூலம் குறையாது. இருந்தும் ஊரில் ஒருவரும் தங்களுடையதைக் காட்ட முன்வரவில்லை. நிதியா அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தன் டப்பாவில் இருந்ததை இருவருக்கும் போட்டாள்.

மறுகணம் இருவரும் தேம்பினார்கள், "ஒஸ்மார், ஒஸ்மார்" என்று. ஒஸ்மார் பாலத்துக்கு அக்கரையில் பேருந்து ஓட்டுபவன், பிள்ளை குட்டிக்காரன். நிதியாவால் முகம் தூக்க முடியவில்லை.

"இவ்வளவையும் தனியாவாடி வெச்சிருந்த?" என்றாள் தெல்மிரா.

ரூபென் நனைந்த கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "யாருக்கா இருந்தா என்ன, வருதுல்ல," என்றான்.

மகனின் நினைவு நாளில் மூவரும் அவன் கல்லறை முன் சேர்ந்து நின்று ஒஸ்மாருக்காக அழுதார்கள்.