ஐந்தாவது இடம்

"இந்தப் படிப்ப இப்பவே நிறுத்திட்டா, தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாம்," என்றார் இராஜம்மா, கேசரித் தட்டைக் கீழே வைத்தபடி.

கிள்ளான் நகரத்துப் பண்டமாரான் அடுக்குமாடியின் நான்காம் மாடி. லிஃப்ட் கெட்டு ஒரு மாதம். மகனுக்குப் பெண் பார்க்க ஏறிவந்த அம்மாளுக்கு மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. நிபந்தனை மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"ஏன் ஆன்டி?" என்றாள் லோகேஸ்வரி. காலை ஆறு மணியிலிருந்து வார்டில் நின்ற கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. தாதியர் கல்லூரிச் சீருடையைக்கூட மாற்ற நேரமில்லை.

"கண்ட ஆம்பளைங்க நெஞ்சுல கை வைக்கிற வேலை. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க லா."

அந்த நாலு பேரைக் கிள்ளானில் இதுவரை எவரும் கண்டதில்லை. ஆனாலும், லோரி ஓட்டிக் களைத்த அப்பா தம்புசாமி தலையாட்டத் தயாராக இருந்தார். பாக்கி ஒரே ஒரு செமஸ்டர். இரண்டரை வருடப் படிப்பு ஒரு தலையாட்டலில் போகப் போகிறது. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

குனிந்தவள் இராஜம்மாவின் பாதங்களைப் பார்த்தாள். வாசலில் கழற்றிய செருப்பின் வார்த் தடம், வீங்கிய காலில் இன்னும் பள்ளமாகக் கிடந்தது.

"எத்தன நாளா ஆன்டி இப்படி வீங்குது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"கிளினிக் போகலையா?"

இராஜம்மா குரலைத் தாழ்த்தினார். "போனேன். ஆம்பள டாக்டர். ஜாக்கெட்ட கழட்டச் சொன்னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்."

"உள்ள வாங்க. நெஞ்சுச் சத்தத்த நான் கேட்டுப் பாக்கறேன்."

பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும், மறுக்காமல் எழுந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள் லோகேஸ்வரி. இதயத்தைக் கேட்க நெஞ்சில் ஐந்து இடங்கள். முதலில் பிளாஸ்டிக் பொம்மையில்தான் பழகினாள். பொம்மைக்கு வெட்கம் கிடையாது. ஐந்தாவது இடம் இடது மார்புக்கு அடியில். அங்கே வந்தபோது இராஜம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

லப்புக்கும் டப்புக்கும் நடுவே காற்று ஊதுவது போல ஒரு சத்தம். லோகேஸ்வரி மறுபடியும் வைத்துக் கேட்டாள். அதே சத்தம்.

"நான் படிக்கிற பிள்ள, முடிவா எதுவும் சொல்லக்கூடாது. ஆனா சத்தம் சரியில்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க ஆன்டி."

இராஜம்மா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டார். "அங்க உன்ன மாதிரி பொம்பளப் பிள்ள யாராச்சும் இருப்பாங்களா ம்மா?"

லோகேஸ்வரி ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினாள்.

"இருப்பாங்க ஆன்டி. கல்யாணம் பேச வந்தவங்க படிக்க விட்டிருந்தா."