காருக்குப் பல்லுக் கட்டிய கேதீஸ்வரி

கேதீஸ்வரி ஸ்கூட்டியைப் பின்னுக்கு எடுத்ததை நான் பார்த்தேன் என்று சொன்னால், எந்நேரமும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவள் என்று என்னை நினைப்பீர்கள். அப்படியில்லை. குருக்கள்மடத்துப் பிரதான வீதியில் அவள் வீடு அந்தப் பக்கம், என் வீடு இந்தப் பக்கம். நான் படலையடியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கண் போன இடத்தில் அவள் இருந்தாள். அவ்வளவுதான்.

கேதீஸ்வரி பல்லுக் கட்டுகிறவள். வீட்டு முன்னறையில் பதினெட்டு வருடமாக அதுதான் தொழில். கல்லாற்றிலிருந்து காத்தான்குடி வரைக்கும் பல் போன வாய்கள் அவளிடம்தான் வரும். யார் யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது கட்டிய சிரிப்பு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காத்தான்குடியிலிருந்து கைறுன்னிஸா உம்மா மேல்வரிசைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். மகன் பஹ்மிதான் தன் ஒஸ்டின் காரில் கொண்டுவந்து இறக்கி, காரை வேம்புக்குக் கீழே நிறுத்தியிருந்தான். அறுபது வயதுக் கார். மூன்று வருடம் தகரம் தட்டி, சாம்பல் நீலம் அடித்து, சீற்றுக்குப் புதுத் தோல் போட்டு, அதை மாப்பிள்ளைக் காராக்கி வைத்திருந்தான். பின்பக்கத்து இரண்டு மூலையிலும் பூனைக் கண்போல மேல்நோக்கி இழுத்த சிவப்பு விளக்குகள். அளவு எடுத்து முடித்த கேதீஸ்வரி, கடைக்குப் போய் வர ஸ்கூட்டியைப் பின்னுக்கு எடுத்தாள். இடப்பக்க விளக்கின் மூடி துண்டு துண்டாக மணலில் விழுந்தது.

வீதியில் வேறு ஒருவரும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன். இந்தச் செய்தியைப் பஹ்மியிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்தபடி நான் வீதியைக் கடப்பதற்குள், அவளே உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

"தம்பி, உங்கட பின் லைட்ட நான்தான் உடைச்சுப் போட்டன்."

பஹ்மி வெளியே வந்தான். குந்தியிருந்து பார்த்தான். கோபப்பட்டிருந்தால் கேட்க எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவன் குரல் இறங்கித்தான் வந்தது.

"அக்கா, இது பிளாஸ்ரிக் மூடி. கம்பனி நிப்பாட்டி எத்தனை காலம். கொழும்புல பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையெல்லாம் ஒரு வருசம் அலைஞ்சுதான் இந்தச் சோடிய எடுத்த நான். இனி எங்க போறது?"

"கார் எப்ப தேவை?"

"இந்த ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கங்கால ஞாயிறு. ராத்தாட மகள் றிஸ்லாக்குக் கல்யாணம். ஏறாவூரில இருந்து மாப்பிள்ளைய இதிலதான் கூட்டி வரணும்."

"அதுக்குள்ள நான் செய்து தாறன்."

"என்னத்த?"

"லைட் மூடியத்தான். பல்லுச் செய்யிறவளுக்கு இது என்ன பெரிய வேலை?"

உள்ளே நாற்காலியில் இருந்த கைறுன்னிஸா உம்மாவுக்குப் பல்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். "அப்ப நல்லம்," என்றார். "லைட்ட முதல்ல செய்யட்டும். ஒரு லைட்டுக்கு மூடி ஒப்பேத்த ஏலாதவள் என்ட வாய்க்குள்ள என்னத்தப் புள்ள கட்டுவாள்? லைட் சரி வந்தாத்தான் நான் பல்லுப் போடுவன்."

வாங்குப் பலகையில் காத்திருந்த இருவரும் இதைக் கேட்டார்கள். நானும் கேட்டேன். நான் இதை ஊரெல்லாம் சொன்னேன் என்பது பொய். மீன்காரரிடமும், கோயிலடியில் நின்ற நாலு பேரிடமும் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் போன் எடுத்து, "லைட் முடியட்டும் பிள்ளை, பிறகு வாறன்" என்று தன் கீழ்வரிசையைத் தள்ளிப்போட்டார். சனிக்கிழமைக்குள் மூன்று வாய்கள் அப்படிப் போயின. பதினெட்டு வருடத்துப் பெயர் ஒரு காரின் பின்பக்கத்தில் வந்து தொங்கியது.

உடையாத மூடியைப் பஹ்மி கழற்றிக் கொடுத்தான். கொடுத்த கை உடனே திரும்பவில்லை.

"அக்கா, இதுக்கும் ஒண்டு நடந்தா என்ட கார் முழுக் குருடு."

"நடக்காது."

கொழும்பு பஸ்ஸில் சிலிக்கன் டின் வந்தது. பல்லுக்கு அச்சு எடுக்கிற மாதிரியேதான், அளவு மட்டும் பெரிது என்றாள். பிஸ்கட் டின்னை வெட்டி, மூடியைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, கட்டித் தயிர்போன்ற சிலிக்கனை மேலே ஊற்றினாள். அது இறுகியதும் கவிழ்த்துக் களிமண்ணை எடுத்து, ஒட்டாமலிருக்க வஸ்லின் பூசி, மற்றப் பாதியையும் ஊற்றினாள். இரண்டையும் பிரித்து மூடியை வெளியே எடுத்தபோது நடுவில் அதன் உருவம் வெற்றிடமாக நின்றது. முதலில் பரீட்சைக்கு என்று கையிலிருந்த பல்லுக் கட்டும் மாவையே குழைத்து ஊற்றினாள். வந்தது பல் ஈறுபோல நல்ல இளஞ்சிவப்பு.

"என்னகா இது, காருக்கு முரசு வந்திருக்கு," என்றேன்.

"பல்லும் முளைக்கும், பாத்துக்கொண்டிருங்க," என்றாள். சிரிக்கவில்லை.

காத்தான்குடியில் பெண்பிள்ளைகள் பூத்தட்டும் சுவர்க்கடிகாரமும் செய்ய ரெசின் வாங்குகிற கடை ஒன்று உண்டு. அங்கே போய்த் தண்ணீர்போன்ற ரெசினும் சிவப்புச் சாயமும் வாங்கி வந்தாள். கச்சான் காற்று அடித்த வாரம் அது. வெக்கையில் ரெசின் கோப்பைக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கல்லாகியது. முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை, மூன்றாவது கோப்பை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நாலாம் நாள் போத்தல்களைக் கிணற்றுத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, விடியற்காலைக் குளிரில் ஊற்றினாள். இறுகியது. ஆனால் உள்ளே முழுக்கக் குமிழ். வெளிச்சத்தில் பிடித்தால் சோடாப் போத்தல்போல் இருந்தது.

அடுத்த நாள் எட்டிப் பார்த்தபோது சமையற்கட்டில் பிரஷர் குக்கரைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

"என்ன கறி? விசிலக் காணல்ல?"

"விசிலக் கழட்டிட்டன் அக்கா. சைக்கிள் வால்வு பூட்டியிருக்கு. பம்ப் அடிக்கப் போறன். காத்து நெருக்கினா குமிழ் தெரியாமச் சுருங்கிப் போகும்."

அடுப்பில் நெருப்பு இல்லை. ஆனாலும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துதான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சைப் பிரித்தாள். மாதுளம் முத்துப்போல ஒரு சிவப்பு. ஒரு குமிழ் இல்லை. உட்பக்கத்து மெல்லிய கோடுகள் ஒன்று தவறாமல் விழுந்திருந்தன. அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்தது. நானே கையில் வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "குறை சொல்ல ஏலாது" என்றேன். என் வாயில் இப்படி வருவது எவ்வளவு அபூர்வம் என்பது ஊருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பஹ்மி காரோடு வந்தான். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள். புது மூடியை இடப்பக்கத்தில் வைத்தான். உட்காரவில்லை. திருப்பி வைத்தான். தலைகீழாக வைத்தான். பூனைக் கண்ணின் வால் வெளிப்பக்கம் ஏறுவதற்குப் பதிலாக உள்பக்கம் ஏறி நின்றது. காரே ஒன்றரைக் கண்ணால் எங்களைப் பார்த்தது.

"அக்கா," என்றான் பஹ்மி மெதுவாக, "இது வலது."

வலது மூடியில் அச்செடுத்தால் வலதுதானே வரும். இடப்பக்கக் கோரைப் பல்லை வலப்பக்கம் வைத்தவள் என்று கேதீஸ்வரியை அவள் எதிரிகூடச் சொல்லமாட்டார். காருக்கு வந்ததும் அந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை. பஹ்மிக்கும் வரவில்லை. சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்த எனக்கும் வரவில்லை. எல்லோரும் சிவப்பைப் பார்த்தோம், சாய்வைப் பார்க்கவில்லை.

"பரவால்லக்கா," என்றான். "இப்ப என்னட்ட ரெண்டு வலது இரிக்கி. இடதுக்குச் சிவப்புக் கடதாசி ஒட்டிக்கிட்டுப் போறன். உம்மாட்ட நான் பேசிக்கிறன்."

"ஒட்டப்படாது," என்றாள் கேதீஸ்வரி. காது சிவந்திருந்தது. "சனிக்கிழமை வாங்க."

"இடது இல்லாம இடது எப்பிடிச் செய்யிற?"

"ஒரு பக்கத்துக் கோரைப் பல்லு விழுந்து வாறவருக்கு என்ன செய்யிறன்? மத்தப் பக்கத்துப் பல்லக் கண்ணாடியில பாத்து மெழுகில செதுக்கித்தானே வைக்கிறன். வலது மூடிய வைச்சிட்டுப் போங்க."

உடைந்த துண்டுகளை அன்றே பொறுக்கிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். மெழுகால் ஒட்டிப் பார்த்ததில் அரைவாசிதான் தேறியது. வேம்படி மணலை அரிதட்டால் அரித்தோம். அரித்தோம் என்றால் நான்தான் அரித்தேன், மாவரிக்கிற என் அரிதட்டில். ஆணி ஓட்டையோடு ஒரு துண்டு கிடைத்தது. மிச்சத்தைப் பஹ்மியின் சக்கரமே மண்ணோடு மண்ணாக்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாள். வலது மூடியை அதற்கு முன்னால் வைத்தாள். கண்ணாடிக்குள் அது இடதாக இருந்தது.

"ஆடாமப் பிடிங்க அக்கா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நீங்க கதைக்காம இருந்தாக் கெதியா முடியும். கதைச்சாக் கை ஆடும்."

இரண்டு நாள். இந்த இரண்டு நாளில் ஊரில் என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததில்லை. ஒரு கலியாணப் பேச்சுக் குழம்பியதுகூட வெள்ளிக்கிழமைதான் என் காதுக்கு எட்டியது. அவள் சின்னக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள், மெழுகைத் தொடுவாள், கண்ணாடியைப் பார்ப்பாள், விரலால் தடவுவாள். வெளிவளைவு முதல் நாளே வந்துவிட்டது. உள்பக்கத்துக் கோடுகள்தான் உயிரை எடுத்தன. நூல் தடிமனில் இருபத்தேழு கோடு. இருபதாவதில் ஒன்று சரிந்தது. எனக்கு அது சரிந்ததாகவே தெரியவில்லை. அவள் முழுவதையும் வழித்து எறிந்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். மறுபடி பதினைந்தில் வழித்தாள்.

அப்போது நான் வாயைத் திறந்துவிட்டேன். "பிள்ளை, அது உள்பக்கம்தானேகா. வெளியில நிண்டு பாக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"கட்டின பல்லிட உள்பக்கமும்தான் வெளியில தெரியாது. நாக்குக்குத் தெரியும்."

நான் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தேன். கை வலித்தது.

மூன்றாம் முறை இருபத்தேழும் நின்றன. வியாழன் சிலிக்கன், வெள்ளி விடியப்புறம் ரெசின், பிறகு குக்கர். சனிக்கிழமை காலை அச்சைப் பிரித்தபோது ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு குழி. பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் கடுகை அவள் பார்த்த மாதிரி தன் புருசனைக்கூட எப்போதாவது பார்த்திருப்பாளா தெரியாது. ஊசி முனையில் ரெசினைத் தொட்டுக் குழியை நிரப்பினாள். பின்னேரம் வரை காயவிட்டு, பல்லுக்கு மினுக்கம் போடுகிற சுழல் தூரிகையில் பிடித்தாள்.

பஹ்மி வந்து வைத்தான். இம்முறை மூடி சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஆணியை முறுக்கிவிட்டு, வலதையும் பூட்டி, விளக்கைப் போட்டான். இடது மாதுளை நிறம். வலது, அறுபது வருட வெயிலில் வெளிறிய செம்மஞ்சள்.

"போதும்கா. அல்லாஹ்வே, இது போதும்."

"போதாது. அந்த வலதக் கழட்டுங்க."

திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் ஒன்றரைக் கண்ணால் பார்த்த அந்தப் புது வலது மூடி வலப்பக்கம் ஏறியது. இப்போது இரண்டும் ஒரே சிவப்பு. பழையதைத் துணியில் சுற்றிப் பஹ்மியின் கையில் கொடுத்து, "அலுமாரிக்குள்ள வைங்க, ஸ்கூட்டி வாற இடத்தில வைக்காதீங்க" என்றாள்.

ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை ஊர்வலம். பஹ்மி எங்கள் இருவருக்கும் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்தான். நான் சாரி உடுத்து ஆயத்தமாகி நின்றால், கேதீஸ்வரி ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு நேரே காத்தான்குடிக் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. கல்லடிப் பாலத்தடியில் காத்து நின்று, மாப்பிள்ளைக் கார் வந்ததும் அதன் பின்னாலேயே ஓட்டினாள். மாப்பிள்ளை என்ன நிறக் கோட்டுப் போட்டிருந்தார், பக்கத்தில் யார் இருந்தார், ஒன்றும் நான் பார்க்கக் கிடைக்கவில்லை. பஹ்மி பிறேக் பிடிக்கும்போதெல்லாம் "பாருங்கக்கா, ரெண்டும் ஒண்டு மாதிரியா?" என்பாள். ஆரையம்பதிக்காரர் ஒருவர் எங்களை முந்தப் பார்த்தார். இவள் இடம் கொடுக்கவில்லை. காத்தான்குடி வரைக்கும் அந்தக் காரின் பின்பக்கத்தைத் தவிர நான் வேறொன்றும் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேம்படியில் ஒஸ்டின் நின்றது. கேதீஸ்வரியின் ஸ்கூட்டி மதிலுக்குள் பூட்டியிருந்தது. நான் சும்மா ஒரு தேசிக்காய் கேட்கத்தான் உள்ளே போனேன். கைறுன்னிஸா உம்மா நாற்காலியில் இருந்தார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேதீஸ்வரி மேல்வரிசையைத் தண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டு கிட்டப் போனதும்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"புள்ள, வலது எது, இடது எது எண்டு நல்லாப் பாத்துட்டியா?"

அந்த விசயம் காத்தான்குடி வரை எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. கேதீஸ்வரி மட்டும் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

"பாத்துட்டன் உம்மா," என்றாள். "அகலத் திறங்க."