பெரிய தொட்டிக்குப் போட்ட சண்டை

அந்தப் பீர்ப் பட்டறையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால்தான் சரக்கு நொதிக்கும். இது ஊருக்கே தெரியும். தெருக்குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். யாரும் வாயைப் பிளந்ததில்லை. பட்டறைப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால், அடுத்த வாரம் புதுச் சரக்கு வந்துவிடும் என்று கடைக்காரர்கள் பழைய பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள்.

புருஷன் ஒரு காலத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். இன்றுவரை அவர்களுக்கு மெக்கானிக், டீச்சர் என்பதே பெயர். குளிர வைக்கத் தெரிந்தவனும் கொதிக்க வைக்கத் தெரிந்தவளும் சேர்ந்தால் பீர் காய்ச்சலாமே என்று முதலில் சொன்னது யார் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. அந்த ஒரு விவகாரத்தை வைத்தே பிற்பாடு பலமுறை சரக்கு இறக்கியிருக்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் இதெல்லாம் தெரியாது. வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டில் ஒரு தொட்டியை வைத்து, முளைகட்டிய பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தக் கஷாயத்தை ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவினார்கள். தொட்டி மூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பித் தண்ணீர் ஜாடிக்குள் முங்கியிருந்தது. உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் ஜாடியில் குமிழி வர வேண்டும். வரவில்லை. டீச்சர் வெப்பம் பார்த்தாள், ஈஸ்ட்டை மாற்றினாள், மாற்றியதையும் மாற்றினாள். மெக்கானிக் தொட்டியை நாலு தட்டுத் தட்டினான். ஃப்ரிட்ஜுக்கு அது கேட்கும். கஷாயம் கெடப்போகிற நேரத்தில், ஹாப்ஸ் மூட்டையின் மேல் யாரோ ஈரக் கையுறையைக் கழற்றிப் போட்டிருப்பதை டீச்சர் பார்த்துவிட்டாள்.

“இதை யாரு இங்க போட்டது?”

“இங்க இருக்கறதே ரெண்டு பேரு. நீ போடலைன்னா நான்தான். இதுக்கு எதுக்கு விசாரணைக் கமிஷன்?”

“ஒன்னு கேட்டா ஒம்பது பேசணும். உங்க வீட்டுல எல்லாருக்கும் வாய் மட்டும்தான் வளந்திருக்கு.”

“எங்க வீட்டை இழுக்காத.”

“இழுக்கற அளவுக்கு அங்க என்ன வெயிட்டு இருக்கு?”

ஜாடியில் ‘குளுக்’ என்றது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததில் சண்டை நின்றது, குமிழியும் நின்றது. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவனுடைய அக்கா கல்யாணத்தில் தன்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த விஷயத்தை எடுத்தாள். ஜாடி பொங்கிவிட்டது.

அவள் படித்தவள், சும்மா நம்பிவிட மாட்டாள். ஒரே கஷாயத்தை இரண்டு டிரம்மில் ஊற்றினாள். ஒன்றின் முன்னால் நின்று இருவரும் செல்லம் கொஞ்சினார்கள். அதில் கொசு முட்டை வைத்தது. இன்னொன்றின் முன்னால் அக்காவைப் பற்றிப் பேசினார்கள். அதில் வெளிர்ப் பொன்னிறத்தில் நல்ல பீர் வந்தது. சரி, இது இப்படித்தான் போலிருக்கிறது என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள். நாளடைவில் கைப்பக்குவமும் வந்தது. குழாயைத் திறந்துபோட்டது யார் என்கிற சண்டையில் லேசான சரக்கு வரும், வெயில் நேரத்துக்கு ஏற்றது. அக்கா சண்டையில் கருப்பாக, கெட்டியாக வரும். குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் நாக்கில் நிற்கும். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனால் நுரை கலையாது. அவள் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கினால் போதை ஒரு புள்ளி ஏறும். அழுதாளென்றால் சரக்கில் துளி உப்பு இருக்கும். அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

பீர்ப் பட்டறை என்றால் ஏதோ பெரிய வித்தை என்று வெளியில் நினைக்கிறார்கள். முக்கால்வாசி கழுவுகிற வேலை. சண்டை முடிந்து, சரக்கு பீப்பாய்க்குப் போன பிறகு, காலித் தொட்டிக்குள் மெக்கானிக் பிரஷ்ஷோடு தலைகீழாக இறங்குவான். டீச்சர் மேலிருந்து வெந்நீர் ஊற்றுவாள். உள்ளேயிருந்து அவன் பாடுவான். எதிரொலியின் தயவில் பாட்டு சுமாராக இருக்கும். “வெளிய வந்து பாடிடாதீங்க, லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க,” என்பாள் அவள். அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்கும்போது இரண்டு பேரும் நனைந்திருப்பார்கள். போட்ட சண்டையெல்லாம் சாக்கடையில் கஷாயக் கசடோடு சேர்ந்து போய்விடும். அடுத்த சரக்குக்குப் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வியாபாரம் வளர்ந்ததில்தான் சிக்கல். தொட்டி இரண்டு மடங்கானால் சண்டையும் இரண்டு மடங்காக வேண்டியிருந்தது. நடித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் நடிப்புக்கு மசியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரனும் அவன் பெண்டாட்டியும் சண்டைக்குப் பேர் போனவர்கள். அவர்களைக் கூலி பேசிக் கூட்டிவந்தார்கள். அவர்களோ நல்ல துணி உடுத்திக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்து, “நம்மளை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு மரியாதை பண்றாங்க பாரேன்,” என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு தங்கள் வீட்டிலும் சண்டை போடவில்லை என்று கேள்வி. ஆக, சொந்தச் சண்டைதான், சொந்தச் செலவில்தான் என்று ஆகிவிட்டது. எதெதற்கு இன்னும் கோபப்படலாம் என்று காபி குடித்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசப் பேச உண்மையாகவே கோபம் வந்துவிட்டால், காபியை அப்படியே வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடுவார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் எடுத்ததில்லை. டீச்சரின் அம்மா, முடியாமல்போன காலத்தில், ஷெட்டை ஒட்டிய அறையில் அவர்களோடு இருந்தார். ஒரு மழை நாளில், ஈரத்துணி காய இடமில்லை என்று ஆரம்பித்த பேச்சில் மெக்கானிக், “உங்க அம்மா இன்னும் எத்தனை நாளைக்கு இங்க?” என்று கேட்டுவிட்டான். மறுநாள் காலையில் அம்மா பையைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினார். கொஞ்ச நாளில் அங்கேயே கண்ணை மூடினார். அம்மாவுக்கு அது கேட்டிருக்காது என்று டீச்சர் முடிவு செய்திருந்தாள். அவள் முடிவை மெக்கானிக் கலைக்கவில்லை. தொட்டி வறண்டு கிடந்த நாட்களில்கூட இருவரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

டீச்சரின் தம்பி நிர்வாகம் படித்தவன். உட்கார்ந்து பேசவே தெரியாது. நின்றுகொண்டு, கையை விரித்துத்தான் பேசுவான். “மாமா, வளரலைன்னா செத்தோம்,” என்றான்.

“வளராம நல்லாத்தானே இருக்கோம், மச்சான்?”

“அதான் மாமா, சாகறவங்களுக்கு அது தெரியாது.”

கூரையைப் பிளந்து இரண்டு மாடி உயரத் தொட்டியை இறக்கினான். அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். பிரஷ்ஷோடு யாரும் உள்ளே இறங்க வேண்டாம். இதைச் சொன்னபோது தம்பிக்கு ஒரே பெருமை. மெக்கானிக் அந்தத் தொட்டிக்குள் தலையை விட வழி இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான். இல்லை.

கஷாயம் நிரப்பியாகிவிட்டது. ஊர் முழுக்கக் கடைகளில் தேதி சொல்லியாகிவிட்டது. கையுறை, குழாய், அக்கா, கடைசிப் பந்தி என்று கைவசம் இருந்த அத்தனை சண்டையையும் இருவரும் அதன் முன்னால் போட்டார்கள். தொட்டி ஏப்பம் விட்டதுபோல ஒரு குமிழி விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. தம்பி ஏணியின் மேல் நின்று மீட்டரைப் பார்த்து, “அக்கா, இன்னும் கொஞ்சம்,” என்றான். “கெட்டுப்போச்சுன்னா பட்டறையே இல்ல, அக்கா.”

டீச்சர் வெப்பமானியைத் துடைத்து உறையில் போட்டாள். சத்தமே இல்லாமல்தான் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க சொன்னது அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?”

கேட்டிருக்காது என்று அவன் சொல்லியிருக்கலாம். கஷாயம் கெட்டிருக்கும், அவ்வளவுதான்.

“கேட்டுச்சு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கதவு திறந்துதான் இருந்துச்சு. கட்டில்ல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தாங்க.”

“பாத்துட்டுதான் சொன்னியா?”

“ஆமா.”

தொட்டிக்காகச் சொன்னானா, இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைக்கச் சொன்னானா என்பது மெக்கானிக்குக்கே விளங்கவில்லை. விளங்க அவகாசமும் இல்லை. ஜாடி வெடித்து, தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. ஏணியின் மேலிருந்து தம்பி, “அக்கா! வந்துருச்சு!” என்று கத்தினான். அவனுக்கும் அவர் அம்மாதான். ஆனால் அவன் கண் மீட்டரில் இருந்தது.

டீச்சர் வெடித்த ஜாடியின் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டாள், வேறு ஜாடி வைத்தாள், துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா இருந்த அறைக்குக் குடிபோனாள்.

அந்தச் சரக்கு கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கசப்பே தெரியாது, வெளியில் வைத்திருந்தாலும் சூடேறாது. குடித்தவர்கள் இரையாமல், மேசையைத் தட்டாமல், நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு போய் வாங்கினான். எங்கள் ரகசியம் தரம்தான் என்று பேட்டி கொடுத்தான்.

மெக்கானிக்குக்குக் கவலை அடுத்த சரக்கைப் பற்றி. டீச்சர் சண்டைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவன் குழாயைத் திறந்துபோட்டான்; அவள் மூடினாள். மால்ட் மூட்டையை மழையில் வைத்தான். அவள் எடுத்துப்போய்க் காயவைத்தாள். தன் அக்காவைக் கூப்பிட்டு ஒரு வாரம் தங்கவைத்தான். அக்காவுக்கே முதல் பந்தி நடந்தது. எது சொன்னாலும் “சரிங்க” என்றாள். அதற்குப்பின் அவள் ஒருநாளும் ‘நீ’ என்று கூப்பிடவில்லை. இனி பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அவன் பெரிய தொட்டியில் காதை வைத்துப் பார்த்தபோது, உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது. சரக்கை வடித்துவிட்டுப் புதுக் கஷாயத்தை ஊற்றினார்கள், பொங்கியது. பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்தார்கள். ஈஸ்ட்டைத் தூவுவதற்கு முன்பே பொங்க ஆரம்பித்தது. சண்டை போட வேண்டிய வேலையே மிச்சமாகிவிட்டது. தம்பி இதைத் தானியங்கி என்றான்.

அது எதனால் பொங்குகிறது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அப்படியே வருஷங்கள் போயின. மூன்றாவது தொட்டி வந்தது, லாரிகள் வந்தன, தையல்காரனின் வீட்டை வாங்கிக் கிடங்கு ஆக்கினார்கள். டீச்சருக்குத் தலை நரைத்தது. அவள் ஆய்வறையில் உட்கார்ந்து குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவன் போனால், “வாங்க, உக்காருங்க,” என்பாள். வங்கிக்காரர்கள் வந்தாலும் அதையேதான் சொல்வாள். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அவன் பெரிய தொட்டியில் காதை வைப்பான். முதலாளி எவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்று வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். தன் சரக்கு இன்றைக்காவது நொதிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பீர்ப் பட்டறை முதலாளி அவன்தான்.

ஒருநாள் காலையில் சத்தம் குறைந்திருந்தது. காதை மாற்றி வைத்துப் பார்த்தான். குமிழிக்கும் குமிழிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி இருந்தது. மூன்று தொட்டியிலும் அப்படித்தான். தம்பி ஓடிவந்தான்.

“மாமா, லாரி வெளிய நிக்குது. போய் அக்காகிட்ட ஏதாவது பேசுங்க. கோவம் வர்ற மாதிரி. உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே.”

“வாயை மூடிட்டுப் போடா,” என்றான் மெக்கானிக். மச்சானை அவன் ‘டா’ போட்டது அதுதான் முதல்முறை.

சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெண் பார்க்கப் போகிறவன்போல அவள் அறை வாசலில் போய் நின்றான். அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள்.

“ஏன் அங்கேயே நின்னுட்டீங்க? வாங்க.”

“தொட்டி நிக்கப் பாக்குது.”

“ம்.”

“அதான்... ஒருவேளை உனக்குக் கோவம்...”

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“எனக்குக் காய்ச்சலுங்க,” என்றாள். “வேற ஒன்னும் இல்ல.”

அவன் தண்ணீரைச் சுடவைத்து, ஆற்றிக் கொடுத்தான். ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டான். சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்தான். அவள் தடுக்கவில்லை. சாய்த்துப் பிடித்தபோது சாய்ந்தாள். மாத்திரையை வாயருகே கொண்டுபோனபோது வாயைத் திறந்தாள். சமையலறைக்குப் போய்வரும் நேரம் தவிர அவன் அங்கிருந்து நகரவில்லை. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, தூங்கியும் போனான். சாயங்கால வாக்கில் காய்ச்சல் விட்டு அவள் நெற்றி வியர்த்தது. அவன் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு தொட்டியும், பிறகு மற்ற இரண்டும் பழையபடி பொங்க ஆரம்பித்தன. சத்தத்தில் கட்டில் கால் லேசாக அதிர்ந்தது. அவன் கை அப்படியே நின்றது.

“பாருங்க, வந்துருச்சு,” என்றாள் அவள். நல்ல சேதி சொல்லும் குரல்தான். “வீணா கவலைப்பட்டீங்க. போய் லாரிக்காரரை எழுப்புங்க, பாவம்.”

“சரி,” என்றான் மெக்கானிக். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, லாரிக்காரனை எழுப்பப் போனான். அடுத்த வருஷம் நாலாவது தொட்டிக்காகக் கூரையை இன்னும் கொஞ்சம் பிளந்தார்கள்.