உளுந்துச் செடி மேல் போன கார்

ஜாஃபர் சாதிக்கைப் போல ஒரு கார் பைத்தியத்தைப் பாபநாசம் பக்கம் பார்க்க முடியாது. ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் உழைத்துவிட்டு வந்த மனுஷன், முப்பது வயசான ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதற்கு ஒரு ரப்பர் குழாய் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் சொல்லிவைத்து ரெண்டு மாசம் காத்துக் கிடக்கணும். ஆனால் கதவைச் சாத்தினால் டப்பென்று கனமாக ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே தினம் நாலு தடவை திறந்து சாத்துவார்.

அன்றைக்கு மயிலாடுதுறையில் மனைவி நஜ்மாவின் தங்கை மகளுக்கு நிக்காஹ், பதினோரு மணிக்கு. “இன்னைக்கும் நடுவழியில நின்னுச்சுன்னா நாளைக்கே வித்துடணும். சம்மதம்னா ஏறுறேன்” என்றாள் நஜ்மா. சரியென்று தலையை ஆட்டிவிட்டார். ஆட்டின நிமிஷத்திலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் டெம்பரேச்சர் முள்ளில்; அது ஏறினால் இன்ஜின் சூடாகி வண்டி நின்றுவிடும்.

குறுக்கு ரோட்டில் பங்குனி வெயிலுக்கு, அறுத்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிச் சக்கரமே மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். பஸ்ஸும் லாரியும் உயரம், ஏறிப் போய்விடும். இவர் காரோ தரையோடு தரை. வேகத்தைக் குறைத்தால் முள் ஏறுமே என்ற பயத்தில் அப்படியே மேலே விட்டார். அடியில் சரசரவென்று செடி சிக்கியது.

“என்னங்க, கருகுற வாடை வருது.”

“வயல்ல எதையோ கொளுத்துறாங்க.”

வயலில் பொட்டுப் புகை இல்லை. சைலன்சர் சூட்டில் செடிதான் பற்றுகிறதென்று அவருக்கே தெரியும். நிறுத்தினால் சொன்ன பேச்சுப்படி கார் போச்சு. இன்னும் ஒரு பர்லாங் ஓட்டினார். புகை உள்ளே வந்து நஜ்மா இருமிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார்.

புகையைப் பார்த்துவிட்டு உளுந்துக்காரர் வீரையன் ஈரச் சாக்கோடு ஓடி வந்தார். கூட வந்த பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினார்கள். தீ அடங்கியது.

“எரியுதுன்னு தெரிஞ்சுதானே ஓட்டுனீங்க?” என்று கேட்டாள் நஜ்மா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா.”

அவள் எதிரே வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். அது மயிலாடுதுறைக்குப் போகிற பஸ் இல்லை, வீட்டுப் பக்கம் போகிறது. “விக்க வேணாங்க. நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அரை மணி கழித்து ஜாஃபர் சாதிக் சாவியைத் திருகினார். சனியன், ஒரே திருகில் கிளம்பியது. வாங்கின நாளிலிருந்து அது அப்படிக் கிளம்பியதே இல்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தார், அழுகை வந்துவிட்டது.