உப்புப் பானையில் ரிவால்வர்

கருவாட்டுப் பானையைக் கவிழ்த்ததும் வாளைக் கருவாட்டுக்கு நடுவே விழுந்த சாமானைப் பார்த்து மங்கைக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. செங்கல் பொடியில் புரட்டியதுபோலத் துருவேறிய ரிவால்வர்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தார் கப்பலேறியபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெரிய தம்பி தண்டபாணி அதை ஒரு பெட்டியிலிருந்து அடித்துக்கொண்டு வந்திருந்தான். சாமான் கடத்தும் அப்பாவுதான் அவனுக்கு இப்போது எல்லாம். நாள் வரும்வரை பத்திரமாக வை என்று அப்பாவு சொல்ல, பத்திரப்படுத்தியவன் சின்னவன் பொன்னுரங்கம்.

"உப்புல போட்டா எதுவும் கெடாதுக்கா."

"மீனு கெடாதுடா. இரும்பை உப்பு துன்னுடுமே, அது தெரியாதா?"

கதவுக் கீலிலிருந்து அரிவாள்மணைவரை கடற்காற்று அரிக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சு. எந்தக் கன்னத்தில் அறைவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நாள் இன்றுதான். அப்பாவுவைக் காட்டிக்கொடுத்த குணசேகரன் மத்தியானம் வேலை முடிந்து கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு வழியாக வருவான். தண்டபாணி சுட வேண்டும், பொன்னுரங்கம் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. துருவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தபடி, யார் முட்டாள் என்று இரண்டு பேரும் போட்ட சண்டையில் தானாக வெளியே வந்தது.

குணசேகரனுக்கு மூன்று பெண் குழந்தைகள் என்றாள். தெரியும் என்றான் தண்டபாணி. சுடாவிட்டால் அப்பாவு தங்களை விடமாட்டான் என்றான். சுட்டால் தூக்கு என்றாள். அப்பாவு வக்கீல் வைப்பான் என்றான் சின்னவன். செவிடர்களிடம் பேசியிருந்தாலும் சைகையாவது புரிந்திருக்கும்.

அப்போது, துருவில் இறுகிக் கிடந்த குண்டு போடும் உருளை அசைந்து கொடுத்தது.

"சுத்துதுக்கா," என்றான் சின்னவன், புதுச் சட்டை கிடைத்தவன்போல.

ஒளித்துவைத்த தோட்டாவுக்காக இருவரும் கூரைக்குள் கையை விட்ட நேரத்தில், மங்கை ரிவால்வரை மீன் கூடையில் போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, இன்று என்ன மீன் என்று கேட்டார். அவள் சாமானை எடுத்து மேசைமேல் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார். யாருடையது என்று கேட்டார்.

மணலில் கிடந்தது என்று சொல்லிவிடத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். அப்படிச் சொன்னால் அப்பாவு நாளைக்கு வேறொரு ரிவால்வர் கொடுப்பான், இல்லையென்றால் கத்தி. பெரியவன் பேரை மட்டும் சொன்னால் சின்னவன் தனியாகக் கொல்லப் போவான், அவன் அப்படித்தான்.

வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார்கள் இருவரும்.

"வேணாம்க்கா," என்றான் தண்டபாணி.

அவள் திரும்பவில்லை.

"தண்டபாணி, பொன்னுரங்கம். எங்கூடப் பொறந்ததுங்க. இதோ நிக்குதுங்க, ரெண்டையும் புடிச்சி உள்ள போடு. அப்பாவு பேரையும் எழுதிக்கோ."

ஏட்டு மைக்கூட்டைத் தேடத் தொடங்கினார்.

"அப்புறமா எழுதுய்யா. மத்தியானம் ஆவுது. இதுங்க போவலைன்னா அப்பாவு வேற ஆளை வெச்சி யார்டுல குணசேகரனை முடிச்சிடுவான். கொருக்குப்பேட்டைக்கு ஆளை அனுப்பு முதல்ல."