ஊர்க்காதுக்கு ஒரு பொன்னாடை

'ஊர்க்காது' என்ற ஃபேஸ்புக் பக்கத்தை மூன்று வருடம் நடத்தியது நான்தான். சொன்னால் சிரிப்பீர்கள். கீரனூருக்கு முந்தி திருச்சி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரிலும் சிரித்தார்கள், அதனால் எனக்குப் பழகிவிட்டது.

தினமும் காலை ஏழே காலுக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று திருச்சிக்கு ஆபீஸ் போகிறவன் கண்ணில் படாதது என்ன இருக்கிறது? எரியாத தெருவிளக்கு, திறக்காத நூலகம், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலோடு நின்றுபோன சிமென்ட் ரோடு, எல்லாவற்றையும் கிழித்தேன். சரவணக்குமார் என்ற சொந்தப் பேரில் டீயில் சர்க்கரை கம்மி என்றுகூட நான் வாய் திறந்ததில்லை. ஊர்க்காதாக மாறினால் எனக்கே என்னைக் கண்டு பயமாக இருக்கும்.

பெரிய வெற்றி ஃப்ளெக்ஸ் விவகாரம். எங்கள் நிழற்குடையில் காதுகுத்து, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று பேனர் பேனராகக் கட்டிவைத்திருந்தார்கள். மழை வந்தால் பஸ்ஸுக்கு வந்தவர்கள் வெளியே நனைவார்கள், பேனரில் சிரிப்பவர்கள் உள்ளே நனையாமல் இருப்பார்கள். பதினோரு நாள் விடாமல் போட்டோ போட்டேன். பன்னிரண்டாம் நாள் அத்தனையையும் கழற்றிவிட்டார்கள். அன்று அந்த நிழலில் உட்கார்ந்து ஊரே ஊர்க்காதைப் புகழ்வதைக் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கியதும் உண்மை.

அடுத்த வாரமே டீக்கடை மலையாண்டி அண்ணன், ஊர்க்காது நீங்கதான் என்று ஒரு பேச்சு ஓடுகிறதே என்று கேட்டார். ஆசை ஒரு பக்கம், தலைவரின் மச்சான்மார் மூன்று பேர் இன்னொரு பக்கம். மச்சான்மார்தான் ஜெயித்தார்கள். சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் வாயை அடைக்க, அன்றைக்கே ஊர்க்காதில் என்னைப் பற்றியே எழுதினேன்.

'சரவணக்குமார் சார் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார். மாசமாக இருக்கும் செவந்தி செக்கப்புக்குப் போகும்போது பக்கத்தில் வந்து நின்றால், உடனே கண்ணை மூடிக்கொள்வார். கீரனூரில் யாராவது இறங்கி அவளுக்கு இடம் கிடைத்ததும் விழிப்பு வந்துவிடும்.'

பொய்யாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று நடந்ததை அப்படியே எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு லைக் விழுந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த அதிகபட்ச வரவேற்பு அதுதான். சந்தேகமும் தீர்ந்தது, ஒரு வாரத்துக்கு என்னோடு யாரும் பேசவுமில்லை.

நான் இல்லையென்று ஆனதும் ஊர் வேறு ஆளைத் தேடியது. செல்போன் கடை உதயசூரியனிடம் நாலு போன் இருக்கிறது, ஆகவே அவன்தான் என்று முடிவுகட்டினார்கள். அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மூன்று வருடமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா வைத்தார்கள். சுத்தம் செய்த அதே நிழற்குடையை மறைத்து, உதயசூரியன் பன்னிரண்டு அடிக்குச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ். பொன்னாடையை விரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பயமாவது மண்ணாவது என்று மேடையேறி மைக்கைப் பிடுங்கி, ஊர்க்காது நான்தான் என்றேன். சிரித்தார்கள். போனை எடுத்து, 'அட்மின் சரவணக்குமார்' என்று அந்தப் பக்கத்திலேயே பதிவு போட்டேன். கூட்டத்தில் வரிசையாகப் போன்கள் சிணுங்கின.

எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு மலையாண்டி அண்ணன் எழுந்தார்.

"தன்னப் பத்தி எவனாச்சும் அப்படி எழுதுவானா சார்? எழுதிப்புட்டாங்கங்கிற கோவத்துல பேஜ ஹேக் பண்ணிட்டீங்க."

அந்த நியாயத்தை யாராலும் அசைக்க முடியவில்லை, என்னாலும். போலீசுக்குப் போவோம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். உதயசூரியன்தான் பெருந்தன்மையாகத் தடுத்தான். படித்தவர், ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டார், பேஜைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றான். என்னுடையது கவர்ன்மென்ட் வேலை. கேஸ் என்று ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஊர் பார்க்க என் கையாலேயே அவனை அட்மின் ஆக்கி, என்னை நீக்கிக்கொண்டேன். நல்ல கைதட்டல்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கலைமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பதிவுகளை முதலில் எழுதிப் பார்க்கும் நோட்டையும் எடுத்து நீட்டினேன். செவந்தி பற்றிய பதிவில் 'உடனே' என்ற சொல்லை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்திருந்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். நம்பிவிட்டாள். ஊரில் ஒருத்தியாவது நம்பினாளே என்று எனக்குக் கண் கலங்கியது.

"அந்தப் பதிவு வந்தன்னைக்கே, பிரஷர் மாத்திரை போடுறாரு, பஸ்ஸுல ஏறுனா நெசமாவே அவருக்குக் கண்ணு சொக்கிரும்னு செவந்தி வீட்டுக்குப் போயி, நம்ம புள்ள மேல சத்தியம் பண்ணிட்டு வந்தேங்க" என்றாள்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீங்க தூங்கலையா?"