பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு

கடைக்காரப் பெண் ஐந்தாறு சீட்டுக்கட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பிவிட்டு, வந்தவர் விலை கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் விலையைக் கேட்கவில்லை. "இந்த விளக்கைக் கொஞ்சம் அணைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"விளக்கையா சார்?"

"எங்க வீட்டு முன்னறையில இவ்வளவு வெளிச்சம் கிடையாது. இங்க நல்லா தெரிஞ்சு அங்க தெரியலேன்னா என்ன பிரயோஜனம்?"

நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு சீட்டுக்கட்டு விற்பதற்காகக் கடையையே இருட்டாக்க எந்த முதலாளி விடுவார்? அந்தப் பெண் மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினாள். அவர் கட்டுகளை அள்ளிக்கொண்டு அங்கே போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவருக்கு அப்படித்தான் பார்க்க வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உச்சாணிக் கூண்டில் உட்கார்ந்தபடி, கீழே எறும்பளவில் நிற்கும் ஆளின் கைச்சாடையைப் பார்த்துச் சரக்குப் பெட்டியைப் பூப்போல இறக்கி வைப்பார் என்று பெயர் வாங்கியவர். ஒரு வருடாந்தரக் கண் பரிசோதனையில் அத்தனையும் முடிந்தது. பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டே போகும், ஓரம் மட்டும் மிஞ்சும், இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். கிரேன் போனது. கிரேன்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதைப் பிடுங்கிக்கொள்ள நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை போலும்.

அதற்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மதியச் சீட்டாட்டம் ஒன்றுதான். அவர் வீட்டு முன்னறையில் நாலு பேர் போக்கர் ஆடுவார்கள். காசு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வில்லைகள். ஆனாலும் அந்த ஒரு மதியம் யாரும் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போவதில்லை, யாரும் அவருக்காக எதையும் படித்துக் காட்டுவதில்லை. அங்கே அவர் மற்ற மூவருக்கும் சமமான ஆள். சமம் என்ன, ஒரு படி மேல். கண் மங்க மங்க அவர் ஆட்டம் கூர்மையாகிக்கொண்டு வந்தது. வாராவாரம் அவர்தான் ஜெயித்தார். ஒரு வழி அடைத்தால் மூளை இன்னொரு வழியைத் திறந்துகொள்ளும் என்று அவரே ஒரு கொள்கை வகுத்து வைத்திருந்தார். சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு பெருமை ஏது?

பிரச்சினை சீட்டில்தான். வீட்டிலிருந்தது காகிதக் கட்டு. தேநீர் குடித்து, வியர்வை குடித்து, மூலைகள் ஊதிப்போயிருந்தன. பத்துக்கும் ராணிக்கும் வித்தியாசம் பார்ப்பதற்குள் அவருக்கு நெற்றி வலித்தது. பாதி ஊகத்தில் ஆடினார். புதுக் கட்டையும் படிக்க முடியவில்லை என்றால் மரியாதையாக ஆட்டத்திலிருந்து விலகிவிட வேண்டும் என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தார்.

முதல் கட்டில் எண்கள் பெரியவைதான், ஆனால் பளபளப்பில் கண் கூசியது. இரண்டாவது, பிளாஸ்டிக் என்று பெயருக்குப் பூச்சு பூசிய காகிதம். வளைத்ததும் கோடு விழுந்தது. மூன்றாவதில் ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்புத் தீற்றலாகத் தெரிந்தன. கடைசிக் கட்டைப் பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து. இஸ்பேடு கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. இனத்துக்கு ஒரு நிறம். படிக்கடியின் அரையிருட்டிலும் ஏழு ஏழாகவே இருந்தது.

சீட்டை இரண்டாக மடிக்கிற மாதிரி வளைத்தார். விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

"தண்ணி பட்டா?"

"துணியால துடைச்சா போதும் சார். முழுக்க பிளாஸ்டிக்."

"எத்தனை நாள் வரும்?"

"உங்க பேரப்பிள்ளைங்க எடுத்து ஆடலாம். கிழியவே கிழியாது."

என் கண்ணைவிட அதிக நாள் வரும் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி கட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள். "இருக்கறதே போதுமேங்க. இப்ப எதுக்குப் புதுசு?"

"அது படிக்கிற மாதிரியா இருக்கு?"

"ஜெயிச்சிக்கிட்டுதானே இருக்கீங்க. கைராசியான கட்டை எதுக்கு மாத்தணும்?"

இவளுக்கு என்றிலிருந்து கைராசியில் நம்பிக்கை வந்தது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். எலக்ட்ரீஷியனான மைத்துனன், மருந்துக்கடைக்காரர், முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் ரேடியோ. கத்தரிக்கோலை நிறுத்தினாலும் வாயை நிறுத்தாதவர் என்பதால் அந்தப் பெயர். புதுக்கட்டைப் பார்த்ததும் மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. கிரேன்காரருக்கு அது தெரியாது. முகங்கள் எல்லாம் அவருக்கு நடுவில் அழித்துவிட்ட படங்கள்.

"பழசே பழகிப் போச்சே மாமா" என்றான் மைத்துனன்.

"இவ்வளவு பெரிய எழுத்தா? எதிர் வீட்டுக்காரன் ஜன்னல் வழியா படிச்சிட்டு அவனும் ஒரு கை போடுவான்" என்றார் ரேடியோ.

"போடட்டும். அவனையும் ஜெயிக்கிறேன்" என்று சொல்லிக் கிரேன்காரர் சீட்டைக் கலைத்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டுவிட்டுத் தன் சீட்டுகளை விசிறியாக விரித்து முகத்தைத் திருப்பினார். ஐந்தும் தெரிந்தன. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஊகிக்காமல், திரும்பப் பார்க்காமல், ஐந்தும் தெரிந்தன.

ஒன்பது ஒரு ஜோடி, நாலு ஒரு ஜோடி, மிச்சம் ஒரு ஜாக்கி. ஜாக்கியைப் போட்டு வேறு எடுத்தார். உதவாத ஆறு வந்தது. பரவாயில்லை என்று வில்லைகளைத் தள்ளினார். மைத்துனனும் ரேடியோவும் ஒதுங்கிக்கொள்ள, மருந்துக்கடைக்காரர் மட்டும் கூடவே வந்தார்.

அந்த வீட்டு ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கடைசியில் வீட்டுக்காரர்தான் முதலில் சீட்டை இறக்கி, என்ன கை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோற்றவர்கள் தங்கள் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை, கவிழ்த்துப் போட்டுவிடலாம். வீட்டுக்காரருக்கு ஒரு மரியாதை என்று மருந்துக்கடைக்காரர்தான், கிரேன்காரர் வேலையை விட்ட கொஞ்ச நாளில், அதைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு ஜோடி. ஒம்பதும் நாலும்" என்று இறக்கினார் கிரேன்காரர்.

"போச்சு. எங்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே" என்று மருந்துக்கடைக்காரர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வீசினார். எத்தனையோ மாதங்களாக வீசியது போலத்தான் வீசினார். அந்தக் காகிதச் சீட்டு பிசுக்கேறி விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். இது வழவழவென்ற பிளாஸ்டிக். ஐந்தும் மேசையில் சறுக்கிக்கொண்டு வந்து விளிம்பைத் தாண்டிக் கிரேன்காரரின் காலடியில் விழுந்தன.

"விடுங்கண்ணே, நான் எடுக்கறேன்" என்று மருந்துக்கடைக்காரர் அவசரமாக எழுந்தார். அதற்குள் கிரேன்காரர் குனிந்துவிட்டார்.

மேசைக்கடியில் சீட்டுகள் மல்லாந்து கிடந்தன. முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ராணி. சிவப்பு ராணி. கூட ஒரு மூன்று, ஒரு எட்டு. கடைசிச் சீட்டு அவர் பாதத்தை ஒட்டிக் கிடந்தது. அது பச்சை ராணி.

மூன்று ராணிக்கு முன்னால் இரண்டு ஜோடி எந்த மூலைக்கு? பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா? ஒருவேளை கவனக்குறைவோ என்று ஒரு நிமிடம் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற ஆள் மூன்று ராணியைக் கவனிக்காமல் விடுவாரா? சீட்டுகளைப் பொறுக்கி, கவிழ்த்தபடியே நீட்டினார்.

"கை வழுக்கிடுச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"புதுசாச்சே" என்றார் கிரேன்காரர்.

ரேடியோ சீட்டு போட ஆரம்பித்தார். அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று கிரேன்காரருக்கு இப்போது புரிந்தது. மனைவி ஏன் புதுச் சீட்டு வேண்டாம் என்றாள் என்பதும் புரிந்தது. அப்படியானால் அவளும் இதில் கூட்டு. வாராவாரம் ஜெயித்தேனே, அதில் எது என் ஜெயம்? எந்த ஞாயிறோடு ஆட்டம் முடிந்துபோய், எந்த ஞாயிறிலிருந்து இவர்கள் நோயாளியைப் பார்க்க வருகிறார்கள்? யாரிடம் கேட்பது?

புதுக் கையைப் பார்த்தார். கறுப்பு ஏழு, நீல மூன்று, பச்சை ஜாக்கி, சிவப்பு ஒன்பது, கறுப்பு இரண்டு. குப்பை. ஐந்தும் பளிச்சென்று தெரிந்த குப்பை.

"எத்தனை மாத்தணும்?" என்றார் ரேடியோ.

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லித் தன்னிடமிருந்த வில்லைகளில் பாதியை நடுவே தள்ளினார். இந்த முறை மூவருமே ஈடாகத் தள்ளினார்கள்.

அவர் ஐந்து சீட்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். வாசலில் நிற்பவருக்கும் தெரியும், அவ்வளவு பெரிய எழுத்து.

"ஃபுல் ஹவுஸ்" என்றார். "மூணு ராஜா, ரெண்டு பத்து."

யாராவது ஒருவன் திட்டினால் போதும் என்றிருந்தது அவருக்கு. இது ராஜாவா, கண் அவிஞ்சு போச்சா உனக்கு என்று ரேடியோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போய்க் கட்டிப்பிடித்திருப்பார். சொல்லுடா, சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினார்.

ரேடியோவிடமிருந்து சத்தமே வரவில்லை. மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். தேநீர் கொண்டுவந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தட்டில் கோப்பைகள் கிடுகிடுத்தன.

"உங்க ராசியே ராசி மாமா" என்றான் மைத்துனன். மூவரும் சீட்டைக் கவிழ்த்தார்கள். வில்லைகள் எல்லாம் அவர் பக்கம் நகர்ந்து வந்தன.

உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? இரண்டு ஞாயிறு நேர்மையாக ஆடுவார்கள். அவர் தோற்பார். தோற்கடித்ததற்கு அவர்கள் கூசுவார்கள். மூன்றாவது ஞாயிறு ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வேலை. அப்புறம் இந்த அறையில் அவரும் நாற்காலிகளும்தான். இந்தச் சீட்டும் இன்னும் எத்தனை மாதம் தெரியும்?

மனைவி தட்டை வைத்தாள். அவள் குரல் சரியாக எழும்பவில்லை. "புதுச் சீட்டு... நல்லா தெரியுதாங்க?"

கிரேன்காரர் தன் ஐந்து சீட்டையும் பார்த்தார். ஏழு, மூன்று, ஜாக்கி, ஒன்பது, இரண்டு.

"எங்க தெரியுது" என்றார். "பழசு மாதிரியேதான். குத்துமதிப்பா ஆடறேன்."

மூவரும் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. ரேடியோ மறுபடியும் பேச ஆரம்பித்தார்.